கன்னத்தில் ஊறும் எச்சில்

சாப்பாட்டை நினைத்தால் ஊரில் எல்லோருக்கும் வாயில் எச்சில் ஊறும். எனக்கு இடது கன்னத்தில் வியர்க்கும். கிருதா முடிகிற இடத்தில் முத்து முத்தாக ஆரம்பித்து, தாடையோரமாக இறங்கி, சட்டைக் காலரில் போய் நிற்கும். வலது கன்னம் அந்த நேரத்தில், இந்த முகத்துக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல் காய்ந்து கிடக்கும்.

நான் வீட்டு வயரிங் வேலை செய்கிறவன். திண்டுக்கல்லில் நான் ஒயர் இழுக்காத தெரு குறைவு. காலிங்பெல்லை அமுக்கினால் மாடியில் ஃபேன் சுற்றிய ஒரு வீடு இருக்கிறது. அதுவும் என் கைவண்ணம்தான். இத்தனைக்கும் மறுநாளே போய்ச் சரிசெய்து கொடுத்துவிட்டேன். ஆனாலும் அந்த வீட்டுக்காரர் இன்றுவரை என்னை எங்கே பார்த்தாலும், "காத்து வருதே, வாசல்ல யாரோ வந்துருக்காக போல" என்பார். என் முகத்திலேயே கனெக்சன் மாறியபோது, இது அவர் வயிற்றெரிச்சலாக இருக்குமோ என்று முதலில் சந்தேகப்பட்டேன்.

காரணம் வேறு. இடது காதுக்கு முன்னால் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி வந்தது. எச்சில் சுரப்பியில் வந்த கட்டி, கெட்ட கட்டி இல்லை, ஆனாலும் எடுத்துவிட வேண்டும் என்றார்கள். எச்சில் என்பது வாயில் தானாக ஊறிக்கொள்கிற சமாச்சாரம் என்று நினைத்திருந்தவன் நான். காதோரத்தில் அதற்கென்று ஒரு டேங்க் இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும். மதுரையில் வைத்து எடுத்தார்கள். தையல் பிரித்து, தழும்பு மங்கி, எல்லாம் மறந்தே போயிருந்த சமயத்தில் பெரிய வெள்ளி வந்தது.

அன்றைக்குக் கோவிலில் பாடுகளின் வாசிப்பு. நான் காலையிலிருந்து ஒருசந்தி, பச்சைத் தண்ணீர்தான். சிலுவையில் தொங்குகிறவருக்குப் புளித்த ரசத்தைப் பஞ்சில் நனைத்து நீட்டுகிற இடம் வந்தது. 'புளித்த' என்ற சொல் காதில் விழுந்ததுதான் தாமதம், இடது கன்னம் மடை திறந்துவிட்டது. எனக்கு இடது பக்கம் நின்ற பெரியவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அங்கிருந்து அவருக்குத் தெரிந்தது ஒரு மனிதன் தாரைதாரையாகக் கண்ணீர் விடுவது. அவர் என் தோளைத் தட்டினார். அடுத்த வாரமே வீட்டுக்கு வந்து, மாலை ஜெபக் கூட்டத்துக்கு என்னைத் தலைமை ஏற்கச் சொன்னார். புளியை நினைத்து வியர்த்தவன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? நான்கு வாரம் தலைமை தாங்கினேன். ஐந்தாவது வாரம் யாரோ மாங்காய் ஊறுகாயோடு வந்து உட்கார்ந்தார்கள். என் பக்தி எல்லை மீறிப்போனதால், உடம்பு சரியில்லை என்று சொல்லி விலகிக்கொண்டேன்.

மறுபடி மதுரைக்குப் போனேன். டாக்டரம்மா சின்ன வயதுக்காரர். என் கன்னம் முழுக்க அயோடின் தடவிக் காயவைத்தார். அதன்மேல் சோள மாவைத் தூவினார். பிறகு ஒரு துண்டு எலுமிச்சை ஊறுகாயை வாயில் வைக்கச் சொன்னார். சோதனை என்றால் ஊசி, ஒயர் என்று எதிர்பார்த்துப் போனவனுக்கு இது பஜ்ஜி போடுகிற வேலைபோல இருந்தது. ஊறுகாய் நாக்கில் பட்ட சற்று நேரத்தில் அவர் கண்ணாடியைக் காட்டினார். வியர்த்த இடமெல்லாம் மாவு கருநீலமாக மாறி, காதிலிருந்து தாடைவரை ஏதோ ஒரு நாட்டின் வரைபடம்போல் இருந்தது.

அவர் மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் போட்டு விளக்கினார். மூளையின் அடித்தண்டில் எச்சிலுக்கென்று ஒரு சின்ன ஆபீஸ் இருக்கிறதாம். நாக்கு, மூக்கு, நினைப்பு என்று எங்கிருந்து தகவல் போனாலும், 'எச்சில் விடு' என்று அங்கிருந்துதான் உத்தரவு கிளம்பும். அதைக் கொண்டுபோகிற நரம்புகளில் சில, சுரப்பியை வெட்டியபோது அறுந்துவிட்டன. அறுந்தவை சும்மா இருக்காமல் மறுபடி வளர்ந்திருக்கின்றன. பழைய இடத்தில் சுரப்பி இல்லை. பக்கத்தில் தோலில் இருந்த வியர்வைச் சுரப்பிகளில் போய் ஒட்டிக்கொண்டன.

"மூளை சரியாத்தான் சொல்லுதுங்கய்யா. போய்ச் சேர்ற எடம் மாறிப்போச்சு" என்றார்.

எனக்கு ஒரு தொழில்முறைச் சந்தேகம். வியர்வைக்கு வேறு லைன் இருக்குமே, எச்சில் லைனில் அது எப்படி வேலை செய்யும்? அவர் சிரித்துவிட்டார். வேறு லைன்தான், ஆனால் இரண்டு லைனும் கடைசியில் கக்குவது ஒரே ரசாயனம், அதனால் வியர்வைச் சுரப்பிக்கு வித்தியாசம் தெரியாது என்றார். வோல்டேஜ் ஒன்றுதான் என்று புரிந்துகொண்டேன். இன்னொன்றும் சொன்னார். பயந்தால் வாய் காய்வதும் இதே ஆபீசின் வேலைதானாம். மேலிடத்திலிருந்து 'நிறுத்து' என்று உத்தரவு வந்தால் அது கதவைச் சாத்திக்கொள்ளுமாம். அதே சமயம் வியர்வையின் சொந்த லைனில் கரண்ட் பாய்ந்து உடம்பெல்லாம் நனையுமாம். நான் தலையாட்டினேன். புரியாத விஷயத்துக்கு நான் ஆட்டுகிற தலை தனி.

கன்னத்தில் ஊசி போட்டால் சில மாதம் நிற்கும், அடுத்த மாதம் வாருங்கள் என்றார். சரி என்று கிளம்பினேன். முகத்தைச் சரியாகக் கழுவாமல் பஸ் ஏறிவிட்டது வாடிப்பட்டி தாண்டியபிறகுதான் தெரிந்தது. கண்டக்டர் செத்த நேரம் என்னையே பார்த்துவிட்டு, "என்ன அப்பு, பாதிப் பெயிண்டு அடிக்கயில ஓடி வந்துட்டீகளா?" என்றார். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன், வலது பக்கமாக.

ஊசிக்கு நான் போகவில்லை. போகவிடாதது என் மனைவி.

அவள் ஆர்டர் சமையல் செய்கிறவள். காதுகுத்து, பூப்பு நீராட்டு, புதுமனை என்றால் இருநூறு பேருக்கு அண்டா இறக்குவாள். எடுபிடிக்கு எங்கள் தெருப் பெண் ஒருத்தி கூட வருவாள். என் மனைவியிடம் ஒரு பழக்கம் உண்டு. பந்தியில் முதல் இலை விழும்வரை, பாத்திரத்தில் இருப்பதை நாக்கில் வைக்கவே மாட்டாள். கரண்டியில் எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்க்கிற சமையல்காரர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. எச்சில் பட்டது எச்சில்தான் என்பாள். உப்பை அளவால் தெரிந்துகொள்வாள், வேக்காட்டை விரலால். மிச்சமெல்லாம் மூக்கு. முக்கியமாக இஞ்சி பூண்டின் பச்சை வாசம் போகிற நேரம். அது போவதற்கு முன் தண்ணீர் ஊற்றினால் பிரியாணி கடைசிவரை பச்சையாகவே நாறும். போனபிறகும் ஊற்றாமல் நின்றால் அடிப்பிடிக்கும். நடுவில் இருக்கிற அந்த ஒரு நிமிஷம்தான் அவளுடைய தொழில்.

போன மழைக்காலத்தில் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. மூன்று நாளில் காய்ச்சல் போய்விட்டது. போகும்போது அவள் மூக்கையும் எடுத்துக்கொண்டு போனது. மல்லிகைப்பூ, சாம்பிராணி, எரிகிற பால், எதுவும் தெரியவில்லை. கொஞ்ச நாளில் வரும் என்றார்கள். வரவில்லை. அவள் யாரிடமும் சொல்லவில்லை. உதவிக்கு வருகிற பெண்ணிடம் மூச்சு விட்டாலும், அரிசி ஊறுவதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். மூக்கில்லாத சமையல்காரியை யார் கூப்பிடுவார்கள்? வந்த ஆர்டர்களை எல்லாம் ஏதேதோ சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்தாள். ஒன்றைமட்டும் தட்ட முடியவில்லை.

எரியோட்டுப் பக்கம் தோட்டம் வைத்திருக்கிற ஒரு ரிட்டயர்டு டீச்சர், மகன் விபத்தில் பிழைத்து எழுந்து நடந்தால் அசனம் கொடுப்பதாக நேர்ந்திருந்தார். நேர்ச்சைச் சாப்பாடு. பங்குச் சாமியார் வந்து ஜெபித்து மந்திரிக்கும்வரை யாரும் வாயில் வைக்கக்கூடாது. மகன் நடந்துவிட்டான். என் மனைவிதான் சமைக்க வேண்டும் என்பதும் நேர்ச்சையில் சேர்த்திபோல டீச்சர் பேசினார். இவளும் காய்ச்சலுக்கு முன்பே தலையாட்டியிருந்தாள்.

"இது மட்டும் கெட்டுப்போச்சுன்னா கரண்டிய அங்கனயே போட்டுட்டு வந்துருவேன்" என்றாள் என்னிடம். சொன்னபோது அவள் முகத்தில் விளையாட்டு இல்லை.

எனக்குத்தான் மூக்கு இருக்கிறதே, நான் மோந்து சொல்கிறேன் என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கல்யாணமாகி இருபத்தாறு வருடம். அவள் எதை வைத்தாலும் நான் சொல்கிற ஒரே சொல் 'நல்லாருக்கு'. உப்பில்லாத உப்புமாவுக்கும் அதுதான், ஒருதடவை சர்க்கரைக்குப் பதில் ரவை விழுந்த காபிக்கும் அதுதான். ருசி தெரியாமல் இல்லை. உண்மை சொல்லி என்ன சாதிக்கப்போகிறோம் என்கிற ஞானம்.

"ஒங்க வாய நான் நம்ப மாட்டேன். கன்னத்த நம்புவேன்" என்றாள்.

அப்படித்தான் நான் அளவுமானி ஆனேன். சமையலறைக்கு வெளியே நாற்காலி போட்டு, ஃபேனுக்கு அடியில் என்னை உட்கார வைப்பாள். வதக்குகிற மசாலாவில் ஒரு கரண்டி எடுத்து வந்து என் மூக்குக்கு நேரே பிடிப்பாள். பச்சை வாசம் இருந்தால் கன்னம் சும்மா இருக்கும். போய்விட்டால் இரண்டு மூச்சில் முத்து அரும்பும். இரண்டு கன்னமும் நனைந்தால் அது வெக்கை, கணக்கில் சேராது. இடது மட்டும் நனைந்தால் தண்ணீர் ஊற்றலாம். டெஸ்டரை ஒயரில் வைத்துப் பார்ப்பதுபோல் அவ்வளவு துல்லியம். அது என் கன்னம்தானா, நான்தான் அதற்கு ஸ்டாண்டா என்று எனக்கே குழப்பமாக இருந்தது.

ஒருதடவை தவறியது. கரண்டி மூக்குக்கு வருவதற்கு முன்பே கன்னம் கொட்டிவிட்டது. அவள் ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்றினாள். சாப்பிட உட்கார்ந்தால் ஒரே பூண்டு நாற்றம். நான் 'நல்லாருக்கு' என்று சொல்லிக்கொண்டே பிசைந்தேன். விசாரித்ததில், பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் எலுமிச்சம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தது தெரிந்தது. புளிப்பு என்றால் என் கன்னத்துக்கு நல்லது கெட்டது தெரியாது. அதிலிருந்து நான் உட்கார்ந்த இடத்தைச் சுற்றிப் பத்தடிக்குப் புளி, எலுமிச்சை, மாங்காய், தயிர் எதுவும் வரக்கூடாது என்று தடை போட்டாள்.

அசன நாள் வந்தது. அய்யலூர்ச் சந்தையில் பிடித்த கிடாய்கள் விடியும்போதே கறியாகிவிட்டிருந்தன. வேப்பமரத்தடியில் மூன்று அண்டா. தார்ப்பாய்த் தடுப்புக்குப் பின்னால், காற்று வருகிற பக்கமாக எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. லைட், மைக் பார்த்துக்கொள்ள வந்தவன் என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தோம். கையில் ஒரு டெஸ்டரைப் பிடித்துக்கொண்டு, பகல் பதினொரு மணிக்கு எரியாத பல்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

அப்போது டீச்சர் மகன் அந்தப் பக்கம் வந்தான். முப்பது வயது ஆள். கம்பு ஊன்றி மெதுவாக நடந்து வந்து, அண்டாக்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுப் போனான். அவன் காலைப் பார்த்த நிமிஷத்தில் எனக்கு என்னமோ ஆகிவிட்டது. அதுவரை ஒரு வேடிக்கையாகவே இருந்த சங்கதி, ஒரு குடும்பத்தின் நேர்ச்சையும் என் மனைவியின் பிழைப்பும் என் காதோரத்து நான்கு அங்குலத் தோலில் தொங்குவதாகத் தெரிந்தது. நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டது.

முதல் அண்டாவில் மசாலா வதங்கிக்கொண்டிருந்தது. என் மனைவி கரண்டியோடு தடுப்புக்குப் பின்னால் வந்தாள். மூக்குக்கு நேரே பிடித்தாள். நான் இழுத்தேன். அவள் என் இடது கன்னத்தைப் பார்த்தாள். நனைந்திருந்தது. அவள் முகம் மலர்ந்தது. பிறகு வலது கன்னத்தைப் பார்த்தாள். அதுவும் நனைந்திருந்தது. நெற்றி, கழுத்து, உள்ளங்கை எல்லாம் நனைந்திருந்தது. முந்தானையால் துடைத்துவிட்டுப் பார்த்தாள். இரண்டு பக்கமும் ஒன்றுபோல் மறுபடி அரும்பியது.

"ரெண்டு பக்கமும் வழியுது. இதுக்கு என்னங்க அர்த்தம்?"

வெக்கை இல்லை. நல்ல காற்று வந்துகொண்டிருந்தது. டாக்டரம்மா சொன்னதும், நான் தலையாட்டியதும் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. மேலிடத்து உத்தரவு வந்துவிட்டது. எச்சில் ஆபீஸ் கதவைச் சாத்திவிட்டு, வியர்வை லைனில் முழுக் கரண்டையும் விட்டிருக்கிறது. அளவுமானி அவுட்.

தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து உதவிக்கு வந்த பெண், "அக்கா, தண்ணி ஊத்திறவா? அடி புடிக்கப் போகுது" என்று கேட்டாள். என் மனைவி என் கன்னத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

எலுமிச்சையை நினைத்தேன். வடு மாங்காயை நினைத்தேன். எதுவும் நடக்கவில்லை. எப்படியாவது அவளை நிம்மதியாக்க வேண்டும் என்று, வழக்கமான சொல்லைச் சொல்ல வாயைத் திறந்தேன். அது வரவில்லை. அதுவரை எனக்குத் தெரியாத ஒரு விஷயம், 'நல்லாருக்கு' என்பது எச்சிலில் வழுக்கிக்கொண்டு வருகிற சொல். காய்ந்த வாயில் அது கிளம்பவே இல்லை. கரண்டியை என் கையால் பிடித்து இழுத்து இன்னொருதரம் மோந்தேன். கன்னத்தை மறந்து வெறும் மூக்கால். பட்டை, கறி, புதினா, எல்லாவற்றுக்கும் அடியில் எங்கேயோ ஒரு முனை குத்தியது.

"பூண்டு இன்னும் பச்சையாத்தான் இருக்கு" என்றேன். குரல் உடைந்த மிக்ஸிபோல் வந்தது.

அவள் கரண்டியைத் தாழ்த்தினாள். என் முகத்தை ஒரு புது ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். அவள் சமையலில் நான் குறை சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. அண்டாப் பக்கம் திரும்பிப் போனாள். அண்டாவில் துடுப்பு உராய்கிற சத்தம் கேட்டது. அடி பிடித்தால் நான்தான் காரணம், பச்சையாக ஊற்றினாலும் நான்தான் காரணம் என்று உட்கார்ந்திருந்தேன். மறுபடி வந்தாள். மறுபடி மோந்தேன். அந்த முனை போயிருந்தது. போயிருந்ததா, போகட்டும் என்று நான் ஆசைப்பட்டேனா, சத்தியமாகத் தெரியாது.

"இப்ப ஊத்து" என்றேன்.

"கன்னம்?"

"அத விடு. ஊத்து."

அவள் ஊற்றினாள். அண்டா 'ஸ்ஸ்' என்றது. மற்ற இரண்டுக்கும் அதே நேரத்தை வைத்துக்கொண்டாள். என்னிடம் வரவில்லை.

மந்திரிப்பு முடிந்து முதல் பந்தி உட்கார்ந்தது. சாமியார் முதல் கவளத்தை எடுத்தார். மென்றார். நான் பந்தல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அவர் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தலையைக்கூட நிமிர்த்தாமல் இரண்டாவது கவளத்தை எடுத்தார். மூன்றாவதுக்கு இலையிலிருந்த எலும்பை ஓரமாக ஒதுக்கி இடம் பண்ணினார். அந்த நிமிஷத்தில் என் நாக்கு மேலண்ணத்தை விட்டு இறங்கியது. இடது கன்னம், இடது மட்டும், கொட்ட ஆரம்பித்தது. காலர் நனைந்து, தோள் நனைந்தது.

டீச்சர் பார்த்துவிட்டார். அவர் கண்ணும் கலங்கிவிட்டது. என் மனைவியிடம் போய், வெளியாள் இப்படி அழுகிறாரே என்று கேட்டிருக்கிறார். "அவருக்கு வாயே அங்கதான் இருக்கு டீச்சர்" என்று இவள் சொல்லியிருக்கிறாள். டீச்சருக்கு விளங்கவில்லை. இருந்தாலும் எனக்கு இரண்டு எலும்பு கூடுதலாக வைத்தார்.

திரும்பி வரும்போது வண்டியில் என் மனைவி கேட்டாள், கன்னம் சொல்லாததை எதை வைத்துச் சொன்னீர்கள் என்று. தெரியவில்லை என்றேன். அது உண்மைதான். ஆபீஸ் கதவைச் சாத்திய பிறகு மூளையில் வேறு யார் உட்கார்ந்து அந்தப் பூண்டைக் கண்டுபிடித்தார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இப்போது அவள் மறுபடி ஆர்டர் எடுக்கிறாள். மூக்கு இன்னும் வரவில்லை, என் மூக்கை வைத்துத்தான் ஓட்டுகிறாள். ஊசிக்குப் போகலாமே, கன்னத்தை இனி எதற்கு வைத்திருக்க வேண்டும் என்கிறாள். எனக்குத்தான் மனம் வரவில்லை. அவள் கன்னத்தை நம்பியிருந்தவரை என் வாய்க்கு ஒரு ஒளிவிடம் இருந்தது. இப்போது அதுவும் போய்விட்டது. எதை வைத்தாலும் எதிரில் உட்கார்ந்து என் வாயையே பார்க்கிறாள்.

நேற்று மத்தியானம் ரசம். புளி என்பதால் கன்னம் தன்பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்து எதுவும் தெரிந்துகொள்ள முடியாது என்பது இருவருக்கும் தெரியும். ரசத்தில் உப்பே இல்லை. அவள் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "எப்படி இருக்குங்க?" என்றாள்.

வாயில் எச்சில் தாராளமாக ஊறியிருந்தது. எது வரப்போகிறது என்று எனக்கே தெரியாமல் வாயைத் திறந்தேன்.